கனம் போதாத சப்பரம்

என் வீட்டுக்காரர் செல்லப்பா என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டு பெஞ்சைத்தான் பார்த்தார். அதன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு என் அப்பாவிடம், "மாமா, இதுல பாதி மரம் சும்மா கெடக்கு. எடுத்துட்டாலும் பெஞ்சு நிக்கும்" என்றார். தச்சர் பக்கத்தில் நின்று அப்பா சொல்லிச் சொல்லிச் செய்வித்த பெஞ்சு அது. அவர் முகம் சுண்டிப்போனது. காப்பி தம்ளரோடு உள்ளே நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரத்தில் எங்கள் பட்டறை. வண்டிகளுக்கு அடிச்சட்டம் செய்வது அவர் தொழில். தள்ளுவண்டி என்றால் மேலே இருக்கிற கண்ணாடிப் பெட்டியையும் அடுப்பையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதையெல்லாம் சுமந்துகொண்டு அடியில் ஒரு சட்டமும் அச்சும் கிடக்கிறதே, அதை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. இவர் அதை மட்டும்தான் பார்ப்பார். எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும், வாசலில் நிற்கிற ஐஸ் வண்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருப்பார். பட்டு வேட்டியில் கிரீஸ் கறையோடு பந்திக்கு வருகிற ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் புளியறை தாண்டி, கேரளத்தில் ஒரு லாரி பாடி கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தார். அங்கே இரும்பை அள்ளி வைப்பதைப் பார்த்து, "இவ்வளவு எதுக்கு, இவ்வளவு எதுக்கு" என்று கேட்டுக் கேட்டே முதலாளியோடு சண்டையாகித் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு சொந்தப் பட்டறை. வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் மரம், தேய்கிற இடத்தில் இரும்பு, இது அவர் கட்சி. வேங்கைச் சட்டத்தை நடுவில் பருமனாகவும் முனை போகப் போக ஒல்லியாகவும் இழைப்பார். சேருகிற இடத்தில் துளை போட மாட்டார்; துளை போட்டால் மரம் அங்கேதான் விட்டுப்போகும் என்று சொல்லி, மெல்லிய இரும்புப் பட்டையால் சுற்றி இறுக்குவார். அச்சுக்குக் கெட்டி இரும்புக் கம்பி கிடையாது, உள்ளே பொள்ளலான குழாய். செய்து முடித்ததை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த முகம் ஒரு வாரம்கூட நிற்காது. ஏனென்றால் வாங்கிப் போகிறவர்கள் நேராக வெல்டிங் கடைக்குப் போவார்கள்.

உவைஸ் என்று ஒரு பையன். துபாயிலிருந்து திரும்பி வந்து, ஐந்தருவி ரோட்டில் மிளகாய் பஜ்ஜி போடுகிறான். மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதால் இவர் அவனுக்கென்று யோசித்து யோசித்து ஒன்று செய்தார். கையில் தூக்கிப் பார்த்தவன், "என்ன அண்ணாச்சி, சோத்துப் பானை மாதிரி லேசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போனான். சீசன் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வந்து, "அண்ணாச்சி, சக்கரம் சரியில்ல, மேட்டுல தள்ள முடியல" என்று நின்றான். போய்க் குனிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள், குறுக்கே இன்னும் மூன்று ஆங்கிள்.

"இத எதுக்குலே வச்ச?"

"சும்மா ஒரு பலத்துக்கு அண்ணாச்சி."

"பலம் உள்ளயே இருந்துதுலே! நீ வச்சது பாரம்!"

அவன் சிரித்துக்கொண்டே நின்றான். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்படி உவைஸ் ஒருத்தன் இல்லை, ஊருக்கு நாலு உவைஸ் இருக்கிறார்கள். இவர் எடுத்துப்போட்ட கனத்தையெல்லாம் அவர்கள் திரும்ப ஏற்றிவிடுவார்கள். வண்டி உடைந்தால் இவர் பெயர். உடையாவிட்டால் ஆங்கிளின் பெயர். எனக்கே சில நாள் எரிச்சலாக வரும். பேசாமல் கனமாகவே செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறேன். கேட்ட வாய்க்கு ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது.

போன சித்திரையில்தான் முத்துசெல்வி பட்டறைக்கு வந்தாள். கீழப்பாவூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. பீடி சுற்றுகிறவள், இவருக்குத் தங்கச்சி முறை. இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். அவர்கள் தெருவுக்கென்று ஓர் அம்மன் கோயில் உண்டு. ஆடியில் கொடைத் திருவிழா. கொடையன்று ஒரு தடவையும், எட்டாம் நாள் எட்டாங்கொடையன்று ஒரு தடவையும் அம்மனை ஏற்றிக்கொண்டு சக்கரச் சப்பரம் தெருவைச் சுற்றி வரும். கொடைக்கு சென்னை, திருப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருக்கிற ஆண்பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எட்டாங்கொடைக்கு எவனும் இருக்க மாட்டான். லீவு முடிந்து போயிருப்பான். பெண்களும் வயசாளிகளும்தான் வடம் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எட்டாங்கொடையில் கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் சப்பரம் பின்னால் உருண்டு முத்துசெல்வியின் பாதத்தில் ஏறிவிட்டது. அந்தச் சப்பரத்துக்கு அடியில் கிடந்தது கெட்டி இரும்பு அச்சு. யானையைக் கட்டி இழுக்க வேண்டிய சாமான்.

"அண்ணாச்சி, பொம்பளைக நாங்களே இழுத்துட்டு வார மாதிரி சப்பரத்துக்கு அடிச்சட்டம் ஒண்ணு செஞ்சி குடுங்க. கமிட்டில நான் சண்ட போட்டு சம்மதிக்க வச்சிட்டேன்" என்றாள்.

இவருக்கு அதைக் கேட்டதும் வந்த சந்தோஷத்தை என்னால் சொல்லி முடியாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் வந்து லேசாக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார். ஆனி முடிய வேறு வேலை எடுக்கவில்லை. ராத்திரி தூக்கத்தில்கூட விரலால் மெத்தையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். செய்து முடித்ததும் முத்துசெல்வியும் அவள் தெருப் பெண்கள் நாலு பேரும் வந்து இழுத்துப் பார்த்தார்கள். நான் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். பட்டறை வாசல் மேட்டில் நிற்காமல் ஏறிவிட்டது. முத்துசெல்வி அழுதேவிட்டாள்.

அன்று சாயங்காலம் இவர் என்னிடம் சொன்னார்: "ஏட்டி, இதுல ஒருத்தனும் ஒரு துண்டு இரும்பு சேக்கக் கூடாது. பொம்பளைகளே இழுத்து ஒரு தடவ சுத்தி வந்துரட்டும். எனக்கு அது போதும்." பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த மனிதருக்கு அது அத்தனை வருஷமாகக் கிடைக்காத ஒன்று.

எல்லாம் சரியாகத்தான் யோசித்தார். கொடையன்று வரப்போகிற ஆண்பிள்ளைகளை மட்டும் மறந்துவிட்டார்.

கொடையன்று தெரு முழுக்க ஆள். ஒரே மாதிரி மஞ்சள் சட்டை போட்ட பையன்கள் கையில் வடம், மறு கையில் செல்போன். பெண்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். முத்துசெல்வி வடத்தைத் தொட்டதற்கு, "அத்த, நாங்கதான் இருக்கோம்லா, நீங்க குலவை போடுங்க" என்றான் ஒருத்தன். வருஷா வருஷம் தம் பிடித்து இழுத்துப் பழகியவர்கள் அதே தம்மோடு ஒரு இழுப்பு இழுத்தார்கள். சப்பரம் துள்ளிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் நாலு பேர் குப்புற விழுந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். மேளக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

இவர் பூரித்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னலே இது, கனமே இல்ல?"

"அம்மன் உக்காந்திருக்காளா இல்லையான்னே தெரியலியே."

அவ்வளவுதான். அந்தத் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. சப்பரம் கனத்தால் அம்மன் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். வடம் பிடிக்கிறவன் தோள் கழன்று போகிற மாதிரி இருந்தால்தான் அவள் வந்திருக்கிறாள். லேசாக வந்தால் அவளுக்கு ஏதோ மனக்குறை. இதை முத்துசெல்வி எங்களிடம் சொல்லவில்லை. அவளுக்கே அது தோன்றவில்லை. உருண்டு வந்த சக்கரம்தான் அவள் நினைப்பில் இருந்திருக்கிறது.

கமிட்டித் தலைவர் சுடலைமுத்து, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முன்னால் வந்து கையைத் தூக்கினார். மேளம் நின்றது. "அம்மா ஏறல" என்றார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி அழ ஆரம்பித்தாள்.

இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியவர் யார்? இவர்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "அண்ணாச்சி, அம்மன்லாம் ஏறியாச்சு. பேரிங் நல்ல பேரிங், அச்சு குழா அச்சு, அதான் லேசா வருது. கொஞ்சம் பைய இழுக்கச் சொல்லுங்க" என்றார்.

"நீரு சும்மா இரும். அம்மன் ஏறுனதும் எறங்குனதும் உமக்கு எப்படித் தெரியும்?"

"அம்மன் வந்தாலும் வராட்டாலும் பேரிங் உருளத்தான் அண்ணாச்சி செய்யும்!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மஞ்சள் சட்டைகள் ரெண்டு பேர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அடிக்கவில்லை, அந்த மட்டுக்கும் அம்மன் புண்ணியம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே குவித்திருந்த மணலை ஆறு சாக்கில் அள்ளிக் கட்டி, அம்மன் பீடத்துக்குக் கீழே சட்டத்தில் அடுக்கி, சிவப்புத் துணியைப் போட்டு மூடினார்கள். சுடலைமுத்து சூடம் காட்டினார். மறுபடியும் வடம் பிடித்தார்கள். சப்பரம் முக்கி முனகி நகர்ந்தது. "ஏறிட்டா! அம்மா ஏறிட்டா!" என்று ஒரே சத்தம், குலவை, மேளம். முத்துசெல்வியும் குலவை போட்டாள்.

இவர் அங்கே நிற்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "ஆறு மூட்ட இல்லட்டி, இன்னும் ஆறு வச்சாலும் அது தாங்கும். அதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. உடஞ்சாவது தொலையக் கூடாதா?" என்றார். எனக்கு அன்றைக்கு அந்தத் தெருவே பிடிக்கவில்லை. ஆங்கிள் வைத்த உவைஸையாவது திட்டலாம். இங்கே யாரைத் திட்டுவது? அம்மனையா?

அடுத்த சில நாளில் மஞ்சள் சட்டைகள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிப் போய்விட்டார்கள். எட்டாங்கொடைக்கு முதல் நாள் முத்துசெல்வி வந்தாள். "அண்ணாச்சி, நாளைக்கு நாங்கதான் இழுக்கணும். நீங்க வந்து பின்னால முட்டுக்கட்டையோட நில்லுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"மூட்டைய எறக்குங்க. நான் வர வேண்டிய அவசியமே இருக்காது."

"ஐயையோ! அம்மன் ஏறுனதுல்லா அது? எறக்குனா தெய்வக் குத்தம் ஆயிரும்."

"ஏம்மா, நீதானம்மா லேசா வேணும்னு கேட்ட? கால் போனது உனக்குத்தானம்மா?"

"அது சரிதான் அண்ணாச்சி. ஆனா அவ வராம வெறும் வண்டிய இழுத்து என்ன பண்ண?"

இவர் கத்திவிட்டார். கேட்டவளே இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? உளியை எறிந்தார், அது போய்த் தண்ணீர்க் குடத்தில் பட்டு பட்டறை முழுக்கத் தண்ணீர். முத்துசெல்வி காலை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அவள் போவதை இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மேல் கோபம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மறுநாள் மத்தியானம் இவர் சாப்பிட்டுக் கண் அசந்த நேரம். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெஸியைக் கூப்பிட்டேன். தையல் தைக்கிறவள், எனக்குத் தங்கச்சி மாதிரி. பட்டறை மூலையில் மலையாகக் கிடக்கிற மரத்தூளைச் சாக்குகளில் அமுக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சுடலைமுத்து வீட்டில் அவர் சம்சாரம்தான் இருந்தாள். "சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கணும், அவரு அனுப்பினாரு" என்று சொல்லி, கோயிலை ஒட்டிய சப்பரக் கொட்டகைச் சாவியை வாங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு மணல் மூட்டைகளின் வாயைப் பிரித்தோம். சாக்கும் கட்டும் அதேதான் இருக்க வேண்டும். மணலை வாளி வாளியாக அள்ளிப் பின்பக்கமாகப் பழைய குவியலிலேயே கொட்டிவிட்டு, அதே சாக்கில் மரத்தூளை அடைத்து, ஜெஸி கோணி ஊசியால் தைத்தாள்.

"எக்கா, சாமி குத்தம் ஆயிராதா?" என்றாள் பாதியில்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். பீடத்தைப் பார்த்து, "தாயே, ஏறுறதுக்கு உனக்கு மணல் எதுக்கு? அந்தப் பிள்ளையோட இன்னொரு காலும் போகணுமா?" என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். சிவப்புத் துணியைப் பழையபடி மூடி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். இவரிடம் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒரு வாகைக் கட்டையை முட்டுக்கட்டையாக எடுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். முத்துசெல்வி முன்வடத்தில், நல்ல காலை முன்னால் ஊன்றிக்கொண்டு. சுடலைமுத்து சூடம் காட்டினார். இழுத்தார்கள். அம்மன், பீடம், மேலே மண்டபம், நனைந்த வாழைமரம், சேறு என்று இருக்கிற கனம் இருக்கத்தானே செய்யும். பெண்கள் கைக்கு அது போதும். சப்பரம் துள்ளவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு நடந்து வந்தது. "கனத்தப் பாத்தியா, அம்மா இருக்கா, இருக்கா" என்று அவர்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள்.

பாலத்து ஏற்றம் வந்தது. இவர் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே, கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து போனார். பெண்கள் மூச்சு வாங்கினார்கள், ஆனால் கால் நிற்கவில்லை. பாதி ஏற்றத்தில் இவர் கண், சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கிற ஸ்பிரிங் பட்டையில் போய் நின்றது. ஆறு மூட்டை மணல் இருந்தால் அந்தப் பட்டை தரையைப் பார்த்து அமுங்கியிருக்க வேண்டும். அது அவர் வளைத்த வளைவில் அப்படியே இருந்தது. இவர் ஒரு கையால் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஏற்றத்தின் உச்சியில் சப்பரத்தை நிறுத்திக் குலவை போட்டார்கள். முத்துசெல்வி சாரலும் வியர்வையுமாக நனைந்துபோய், சிரித்துக்கொண்டே வந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, பாத்தியளா! ஆம்பளைக தெணறுன கனம், ஆறு மூட்ட! நாங்க ஏத்திட்டோம்லா! பேரிங் பேரிங்னு சொன்னியளே, இப்ப என்ன சொல்லுதிய? அம்மன் கனம்னா இதுதான் அண்ணாச்சி கனம்!"

சுடலைமுத்துவும் வந்து, "ஒத்துக்கிடுதீரா?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். அவர் ஆயுசு முழுக்கச் சொல்லக் காத்திருந்த பேச்சு அது. அதைக் கேட்க ஒரு தெருவே எதிரில் நின்றது. துணியைத் தூக்கி ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் எடுத்துக் காட்டினால் போதும். அவர் கை துணிப் பக்கம் போகவும் செய்தது. அந்தப் பதினைந்து பெண்களும் கை சிவக்கச் சிவக்க ஒருவருக்கொருவர் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாம்மா" என்றார். துணியின் ஓரத்தைச் சரிசெய்தார். "நல்ல கனம்."

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கால்வாய்க் கரையில் நடக்கையில் திடீரென்று நின்று, "பதினஞ்சு பொம்பளைகட்டி. எங்கயும் நிக்கல. பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். "எவன்ட்ட போய்ச் சொல்லுவேன் இத?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த முட்டுக்கட்டையை ஓங்கிக் கால்வாயில் எறிந்தார். நல்ல வாகைக் கட்டை அது.